கோட்டில் எங்கே நிற்கிறோம்? ஆங்கில வினைக்காலமும் காட்சித் துணைக்கருவிகளும்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு கட்டம் நினைவிருக்கும். இடப்பக்கம் பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். மேலே சிம்பிள், கன்டினியுவஸ், பர்ஃபெக்ட், பர்ஃபெக்ட் கன்டினியுவஸ். மூன்றும் நான்கும் பெருகிப் பன்னிரண்டு அறைகள். கரும்பலகையிலும் சுவரில் தொங்கும் சார்ட்டிலும் இதே கட்டம்தான். இதைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் மாணவரிடம், எவ்வளவு நாளாக இந்த ஊரில் இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால், "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்கிறார். கட்டத்தில் சரியான அறை இருக்கிறது. அவர் அங்கே போய்ச் சேரவில்லை.

படம் காட்டினால் புரியும் என்ற நம்பிக்கை பழையது. கொமேனியஸின் படப் பாடநூல் வெளிவந்த 1658ஆம் ஆண்டிலிருந்தே அதற்கு அச்சுச் சான்று உண்டு. ஆனால் நாற்காலியை வரையலாம். வினைக்காலத்தை எப்படி வரைவது? வழக்கமான துணைக்கருவிகள் காலத்தை வரைகின்றன. காலம் மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலம் பேசுபவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு வினையைப் பார்க்கிறார் என்பதே அவருக்குத் தெரியாதது. அந்த நிற்கும் இடத்தை வரையும் கருவியே பயன்படும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்டம் மறைப்பவை

பன்னிரண்டு அறைகளும் ஒரே அளவு. இதுவே முதல் பிழை. பைபரும் அவருடைய குழுவினரும் பெருந்தரவைக் கொண்டு எழுதி 1999இல் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், பேச்சிலும் எழுத்திலும் எளிய வடிவங்களே பெரும்பான்மை என்றும், தொடர்வடிவமும் நிறைவு வடிவமும் சிறுபான்மை என்றும் காட்டுகிறது. கட்டமோ, அரிதிலும் அரிதான ஃபியூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியுவஸுக்கும் சிம்பிள் பிரசன்டுக்கும் ஒரே இடம் தருகிறது. குவர்க் முதலியோரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணம் ஆங்கில வினையின் உருவ வேறுபாட்டில் காண்பது இரண்டு காலங்களையே. எதிர்காலத்தைச் சொல்ல 'வில்' போன்ற துணைவினையும் பிற வழிகளும் இருக்கின்றன. தனி விகுதி இல்லை. மூன்று வரிசை என்பதே ஓரளவு வசதிக்காகப் போட்ட கோடு.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. எந்த வினையையும் எல்லா அறைகளிலும் நிரப்பலாம் என்று கட்டம் சொல்லாமல் சொல்கிறது. 'கோ' என்ற வினையை நிரப்பிய கை 'நோ' என்ற வினையையும் நிரப்புகிறது; "ஐ ஆம் நோயிங்" பிறக்கிறது. இதற்குத் தாய்மொழித் தாக்கம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் தமிழர் யாரும் "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று சொல்வதில்லை, "தெரியும்" என்கிறோம். நிலையைக் குறிக்கும் வினை வேறு, செயலைக் குறிக்கும் வினை வேறு என்ற உணர்வு தமிழிலேயே இருக்கிறது. அதை மறக்கச் செய்வதில் கட்டத்துக்குப் பங்குண்டு.

மாணவர் கொண்டுவரும் அறிவு

தொல்காப்பியமும் நன்னூலும் காலம் மூன்று என்கின்றன. அதோடு நின்றுவிடாமல், காலம் மாறி வரும் இடங்களையும் வழுவமைதியாக ஏற்கின்றன. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் பிறழலாம் என்பது நன்னூல் கருத்து. வாசலில் நண்பன் கூப்பிட, உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்கிறோம். வரவில்லை, ஆயினும் வினை இறந்தகாலம். "அந்தக் காலத்தில் தாத்தா தினமும் ஆற்றில்தான் குளிப்பார்" என்கிறோம். தாத்தா மறைந்து முப்பது வருஷம் ஆகியிருக்கலாம், வினை எதிர்காலம். வினைவடிவம் வேறு, கடிகாரக் காலம் வேறு என்பதைத் தமிழ் மாணவர் பேச்சிலேயே கையாளுகிறார். வடிவத்துக்கு ஒரு காலம் என்று பாடம் தொடங்கும்போது, அவர் அறிந்த ஒன்றை வகுப்பு பறித்துக்கொள்கிறது. இந்த இரு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்குவது எந்தச் சார்ட்டையும்விட நல்ல வாயில்.

கோட்டின் வலிமையும் எல்லையும்

அடுத்த கருவி காலக்கோடு. அதற்கு உறுதியான கோட்பாட்டு அடிப்படை தந்தவர் ஹான்ஸ் ரைஹன்பாக். 1947இல் வெளிவந்த தம் குறியீட்டு அளவையியல் நூலில் அவர் மூன்று புள்ளிகளைப் பிரித்தார்: பேசும் நேரம், நிகழ்வு நேரம், எங்கிருந்து பார்க்கிறோம் என்னும் நோக்கு நேரம். "நான் போவதற்குள் பஸ் போயிருந்தது" என்பதில் பேசுவது இப்போது. பஸ் போனது முன்பு. நான் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் இடையில். அந்த இடைப்புள்ளியே பாஸ்ட் பர்ஃபெக்டின் உயிர். வகுப்பறைக் கோடுகள் பலவற்றில் பேசும் நேரமும் நிகழ்வும் இருக்கும்; மூன்றாம் புள்ளி இருக்காது. அதைச் சேர்க்க ஒரு கண்ணை வரைந்தால் போதும். கண் கோட்டின் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மாணவரே நகர்த்திக் காட்டலாம்.

ஐந்து வருஷக் குடியிருப்புச் சிக்கலுக்கும் இக்கோடு உதவும். தமிழில் "ஐந்து வருஷமாக இருக்கிறேன்" என்ற நிகழ்காலமே போதும். நீளத்தை 'ஆக' என்பது சுமக்கிறது. வினை 'இப்போது' என்ற புள்ளியில் நிற்கிறது. ஆங்கிலம் அந்த நீளத்தை வினையின் மேலும் ஏற்றுகிறது. குடிவந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு பட்டையைத் தீட்டி, கண்ணை இன்றில் வைத்துப் பின்னோக்கிப் பார்க்கச் செய்தால் "ஹாவ் பீன் லிவிங்" எதற்கு என்று தெரியும். பட்டையின் தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்', நீளத்தைச் சொன்னால் 'ஃபார்' என்பதும் அதே படத்தில் அடங்கிவிடும்.

கோட்டுக்கும் எல்லை உண்டு. அதன் திசை எழுத்தின் திசையைப் பின்பற்றுகிறது. ஆங்கிலம், ஹீப்ரு, அரபு மொழிக் குழந்தைகளை வைத்து ட்வெர்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் செல்வதால் பலகையில் தொல்லையில்லை. தொல்லை ஆசிரியரின் கையில் இருக்கிறது: வகுப்பைப் பார்த்து நின்று தம் இடப்பக்கம் காட்டினால் அது மாணவருக்கு வலப்பக்கம். சொல்லிலும் கவனம் வேண்டும். "முன்னால் போ" என்றால் எதிரே உள்ள வழி. "முன்னொரு காலத்தில்" என்றால் கடந்துபோனது. 'எதிர்காலம்' நம்மை நோக்கி எதிரே வருகிறது. 'பிற்காலம்' என்ற சொல்லும் வரப்போவதையே குறிக்கிறது. கோட்டைக் காட்டி "முன்னால்" என்று மட்டும் சொல்லும் ஆசிரியர் இரண்டு திசைகளையும் ஒருசேரக் காட்டுகிறார். 'இதற்கு முன்பு', 'இதற்குப் பிறகு' என்று காலச்சொல்லாகவே சொல்வது நல்லது.

ஈரத் திண்ணை

பிரசன்ட் பர்ஃபெக்டுக்குக் கோட்டைவிட விளைவுப் படம் பொருத்தமானது. நனைந்த திண்ணை, ஓட்டின் விளிம்பில் சொட்டும் நீர், தெளிந்த வானம். இப்படத்தைக் காட்டி என்ன ஆயிற்று என்று தமிழில் கேட்டால், "மழை பெய்திருக்கிறது" என்ற விடை தானாக வரும். நடந்தது முன்பு, அடையாளம் இப்போது. "இட் ஹாஸ் ரெயின்ட்" என்பதை அந்த இடத்தில் வைக்கலாம்.

இங்கேதான் கருவி சறுக்கும். தமிழில் "நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்பது இயல்பு. நான் நேரில் பார்க்கவில்லை, அடையாளத்தைப் பார்த்து அறிகிறேன் என்ற பொருளை அங்கே 'இரு' தருகிறது. ஆங்கிலத்தில் அதே வடிவத்துடன் 'லாஸ்ட் நைட்' சேராது. தேதி சொன்னவுடன் கண் இன்றைவிட்டு நேற்றுக்குப் போய்விடுகிறது. சிம்பிள் பாஸ்ட் வேண்டியிருக்கிறது. மறுபுறம், "சாப்பிட்டாச்சா?" என்ற கேள்விக்கு "சாப்பிட்டுட்டேன்" என்பதும் பல வேளைகளில் ஆங்கிலத்தில் பர்ஃபெக்ட்தான்; அங்கே 'இரு' இல்லை, 'விடு' இருக்கிறது. ஆகவே 'இரு' வந்தால் 'ஹாவ்' என்ற வாய்பாடு இரண்டு பக்கமும் ஒழுகும். ஈரத் திண்ணைப் படத்தின் கீழே காலக்கோட்டை வரைந்து, நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் ஒரு வேலி போட வேண்டும். ஒரு படம் தவறவிடுவதை மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

நடித்துக் காட்டுதல்

ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடி "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்று சொல்லும் முறையும் ஒரு காட்சிக் கருவியே. சொல்லோடு செயல் சேர்வதால் வடிவம் மனத்தில் பதிகிறது. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நடக்கிறேன் என்று யார் அறிவிக்கிறார்கள்? வடிவம் கிடைக்கிறது, எப்போது சொல்வது என்ற தேவை கிடைப்பதில்லை. அமைப்புவழிப் பாடத்திட்டத்துக்கு மாற்றுத் தேடி 1979இல் பெங்களூருத் திட்டத்தைத் தொடங்கிய என். எஸ். பிரபு, பொருளில் கவனம் குவியும் பணிகளை முன்வைத்தார். அவ்வழியில் இந்நடிப்பையும் திருத்தலாம். ஒருவர் கதவுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதைச் சொல்ல, மற்றவர் பார்க்காமலேயே அதைப் படமாக வரையட்டும். அப்போது தொடர்வடிவத்துக்கு வேலை வந்துவிடும்.

முடிவுரை

வடிவத்தைத் தொகுத்துக்கொள்ளக் கட்டம். நோக்கு நேரத்துக்குக் கண் வரைந்த கோடு. விளைவுக்கு ஈரத் திண்ணை. தொடர்ச்சிக்குக் கதவுக்கு வெளியே நிற்பவர். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கே விடை. நம் வகுப்புகள் கட்டத்தில் தொடங்குகின்றன. பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகின்றன. வரிசையைத் திருப்பி, "தாத்தா குளிப்பார்" என்ற தமிழ் வாக்கியத்தில் தொடங்கி, மேற்கண்ட படங்களின் வழியே நடந்து, கட்டத்தைக் கடைசியில் மாணவரே வரையட்டும். அவர் வரையும் கட்டத்தில் சில அறைகள் பெரிதாக இருக்கும்; சில காலியாகவே கிடக்கும். 'நோ' என்ற வினைக்குக் கன்டினியுவஸ் அறையைக் காலியாக விடும் மாணவருக்குப் பாடம் சேர்ந்துவிட்டது.