யாருமல்லாதவனின் கதை: பேய் நாவல்களும் வாலிப நாவல்களும் பற்றி ஊவாவிலிருந்து ஒரு வாசகன்



பேய் வரும் கதையென்றாலும், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட கதையென்றாலும், நமது தமிழறிஞர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. முன்னது மூடநம்பிக்கை என்றும், பின்னது பொழுதுபோக்கு என்றும் சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். இலக்கிய வரலாறு எழுதுவோரும் இவற்றை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுக் குடும்பக் கதைகளுக்கும் சமூக நாவல்களுக்கும் அதிகாரம் அதிகாரமாக இடம் ஒதுக்குவார்கள். பதுளைக்கு அடுத்த ஹாலிஎலவிலே வாழும் நான், அண்மைக் காலத்திலே இவ்விரு வகை நூல்களையே தேடிப் படித்து வந்தேன். படிக்கப் படிக்க, அந்த இளக்காரம் வரலாற்றுக்கே முரணானது என்று எனக்குப் பட்டது. எங்ஙனமென்று சொல்கிறேன்.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு அச்சேறியது. அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1885இல், இலங்கையின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. அதனை எழுதியவர் கண்டியிலே பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய அதே அறிஞர். இரண்டாவதாகச் சொல்லப்படும் 'ஊசோன் பாலந்தை கதை' திருகோணமலை இன்னாசித்தம்பியால் 1891இல் வெளியிடப்பட்டது. நேயர்கள் இவ்விரண்டின் பொருளையும் சற்றே நோக்க வேண்டும். ஒன்றிலும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு இல்லை. மாமி மருமகள் சண்டை இல்லை. முன்னது வீரதீரச் செயல்கள் நிறைந்த வாலிபன் கதை. பின்னது மாயமும் மந்திரமும் மலிந்த வாலிபர் இருவரின் கதை. ஆகவே, இலங்கைத் தமிழ் நாவல் தவழத் தொடங்கியதே நாம் இன்று ஒதுக்குகின்ற இந்தத் திண்ணையிலேதான்.

ஊசோன் பாலந்தையின் வேர் ஐரோப்பாவின் மத்திய காலத்துக்குரியது. மூலக் கதையின்படி, கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசன் தன் மனைவிமீது சுமத்தப்பட்ட பொய்ப் பழியை நம்பி அவளை நாட்டைவிட்டுத் துரத்துகிறான். காட்டிலே அவள் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒரு பிள்ளையைக் கரடி தூக்கிச் செல்கிறது. தாய் அதன் பின்னே ஓட, மற்றப் பிள்ளையை அவ்வழியே வந்த பெப்பின் மன்னன் எடுத்துச் சென்று அரண்மனையிலே வளர்க்கிறான். கரடியிடம் வளர்ந்தவன் காட்டு மனிதனாகிறான். பின்னொரு நாள் உடன்பிறந்தோர் இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே மோதுகின்றனர். அவர்கள் யாருடைய மக்கள் என்பதை வெண்கலத் தலையொன்று வாய் திறந்து சொல்கிறது. ஆகாயத்திலே பறக்கும் மரக்குதிரையோடு ஒரு குள்ள மந்திரவாதியும் வருகிறான். 'மதனகாமராஜன் கதை'யும் விக்கிரமாதித்தன் கதையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இதிலே அந்நியமானது ஒன்றுமில்லை. திருகோணமலைக்காரர் இதனைத் தமிழுக்குக் கொணர்ந்ததில் வியப்பும் இல்லை.

அசன்பேயின் கதையோ எகிப்திலே தொடங்குகிறது. உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு, இந்தியாவிலே வளர்ந்து, வாலிபனாகித் தன் பெற்றோரைக் கண்டடைகின்றது. எகிப்து ஏன் என்று கேட்கலாம். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகியவர். பத்திரிகைச் செய்தியாக வந்து சேர்ந்த எகிப்து, இரண்டே ஆண்டுகளில் கதைக்களமாகிவிட்டது.

இரு நூல்களையும் அருகருகே வைத்தால் ஒரே கேள்வி தலைகாட்டும்: 'நான் யாருடைய பிள்ளை, எந்த மண்ணுக்குரியவன்?' வாலிப நாவல்கள் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் அவற்றின் அடிநாதம் பெரும்பாலும் இதுவே. அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. பதினாறு வயதிலே மனிதனுக்கு வேறென்ன கேள்வி இருக்க முடியும்?

எங்கள் மலைநாட்டிலேயோ இக்கேள்வி கதையிலிருந்து எழுந்து வந்து சட்டப் புத்தகத்திலே உட்கார்ந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுவதாகப் பிற்போடப்பட்டது. தலைகளை எண்ணிய கணக்கிலே குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் கப்பலேற, தம்பி லயத்திலே தங்கினான். காட்டுக் கரடி ஒரு பிள்ளையையும் மன்னன் மற்றப் பிள்ளையையும் கொண்டுபோன கதையை, இந்தக் கணக்கை அறிந்தவர்கள் வெறும் மாயக் கதையாகப் படிக்க முடியாது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டிலேதான்.

ஹாலிஎலவைப் பேசும்போது தெளிவத்தை ஜோசப்பைச் சொல்லாமற் போவது தகாது. இவ்வூருக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இல் பிறந்து, 2022இல் மறைந்தவர். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலையும், 1979இல் 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதியையும் தந்தவர். அத்தொகுதியின் தலைப்பே நான் மேலே சொன்ன கேள்விக்கு விடைபோல ஒலிக்கிறது. மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் அவரே எழுதினார். அவரும் அவர் தலைமுறையினரும் யதார்த்த வழியையே தேர்ந்தனர். கண்ட துன்பத்தைக் கண்டபடி எழுதுவதே அன்று கடமையாயிருந்தது. தொழிற்சங்கத் தலைவராகவே நினைக்கப்படும் கோ. நடேசய்யர் 'மூலையில் குந்திய முதியோன்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியவர் என்பதைச் சொன்னால் இன்றும் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். பொழுதுபோக்கு எழுத்தும் போராட்டமும் ஒரே மேசையிலே இருக்கமாட்டா என்ற எண்ணம் பிற்காலத்திலே படிந்தது போலும்.

இனி, அண்மையிலே நான் படித்த மேல்நாட்டு நூல்களுக்கு வருகிறேன். அவற்றுள் என் மனத்தை முழுவதும் பற்றிக்கொண்டது நீல் கெய்மன் என்பவர் 2008இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கிரேவ்யார்ட் புக்'. இடுகாட்டு நூல் என்று தமிழாக்கலாம். குடும்பத்தார் அனைவரும் கொலையுண்ட இரவிலே, நடைபயிலும் குழந்தையொன்று தானாகவே தப்பி இடுகாட்டுக்குள் வந்து சேர்கிறது. அங்குள்ள ஆவிகள் அதனை வளர்ப்பதா விடுவதா என்று சபை கூடி வாதிடுகின்றன. ஈற்றிலே அக்குழந்தைக்கு இடுகாட்டின் உரிமை வழங்கப்படுகிறது. அதாவது, உயிருள்ள பிள்ளைக்குச் செத்தவர்கள் குடியுரிமை கொடுக்கின்றனர்! அவனுக்கு இடப்படும் பெயரோ 'யாருமல்லாதவன்' என்னும் பொருளுடையது. ஓநாய்களிடம் மனிதப் பிள்ளை வளரும் கிப்ளிங்கின் 1894ஆம் ஆண்டுக் கதையை மனத்திற் கொண்டே கெய்மன் இதனை எழுதினார். நானோ அதற்கும் முன்னே நம் இன்னாசித்தம்பி கொண்டுவந்த கரடிப் பிள்ளையை நினைத்தேன். ஓநாய், கரடி, ஆவி: மனிதர் கைவிட்ட பிள்ளையை மனிதரல்லாதாரே எடுத்து வளர்க்கின்றனர்.

ஆவிகளின் அந்தச் சபையிலே நடக்கும் வாதம் எனக்குப் பழகிய வாதமாகவே இருந்தது. இவன் நம்மவனா, இவனுக்கு உணவு யார் தருவார், இன்று ஒருவனைச் சேர்த்தால் நாளை எத்தனை பேர் வருவார் என்பன போன்ற பேச்சுகளை நாங்கள் நாடாளுமன்றச் செய்திகளிலே கேட்டிருக்கிறோம். ஆவிகள் ஒரே இரவில் முடிவு செய்தன. நூலின் நடுப்பகுதி சற்றே தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொலைஞரின் கூட்டத்தைப் பற்றிய விளக்கம், அவசரத்தில் ஒட்டுப்போட்ட துணிபோல இருக்கிறது. ஆனால் பையன் வளர வளர ஆவிகள் அவன் கண்ணுக்கு மங்கிப் போகும் இறுதிப் பகுதி, வளர்ச்சி என்பது இழப்புமாகும் என்பதைச் சத்தமின்றிக் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தந்தது ஸ்டெபனி மேயரின் 'டுவைலைட்'. 2005இல் வெளிவந்து உலகெங்கும் இளம் பெண்கள் கொண்டாடிய நாவல். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி மழையும் மூடுபனியும் நீங்காத சிற்றூருக்கு வருகிறாள். உடன் படிக்கும் அழகனைக் காதலிக்கிறாள். அவனோ 1901ஆம் ஆண்டிலே பிறந்து மூப்படையாதிருக்கும் இரத்தக் காட்டேரி. அவனுடைய குடும்பம் மனித இரத்தத்தை விடுத்து விலங்கின் இரத்தத்தோடு அமைவதாக நோன்பு பூண்டிருக்கிறது. மூடுபனி வருணனையை நான் இரசித்தேன். அது எங்கள் மலைக்கும் பொருந்தும். ஆனால் இரத்தம் உறிஞ்சும் ஒன்றை அழகென்று கொள்வது, மழைக்காலத்திலே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அத்துணை எளிதன்று. காலிலே அட்டை ஏறுமென்று சவர்க்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டு மலை ஏறியவர்கள் அவர்கள். நகைச்சுவை ஒருபுறமிருக்க, அந்நாவலின்மேல் எனக்குள்ள குறை வேறு. அப்பெண்ணின் படிப்பு, நட்பு, பெற்றோர் யாவும் ஒருவன் பார்வைக்கு முன்னே பொருளற்றுப் போகின்றன. 'நான் யார்' என்று கேட்கவேண்டிய வயதிலே அவள் 'நான் அவனுடையவள்' என்று விடையை முதலிலேயே எழுதிவிடுகிறாள். பயம் என்ற அரிய கருவியை ஆசிரியர் கையிலெடுத்து, அதைக் காதல் ஏக்கத்துக்கு வாசனைத் திரவியமாக மட்டும் தெளித்துவிட்டார்.

பயத்தை முறையாகக் கையாண்ட முதல்வரும் ஓர் இளம்பெண்ணே என்பதை இங்கே நினைக்க வேண்டும். மேரி ஷெல்லி தம் 'பிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலே கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையிலே மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவதென்று பேசிக்கொண்டனர். நூல் 1818 ஜனவரியில் இலண்டனிலே வெளியாயிற்று. அதே ஆண்டிலேதான் எங்கள் ஊவாவிலே ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சி அடக்கப்பட்டு, ஊர்களும் பயிர்களும் தீயிடப்பட்டன. படைத்தவனே தன் படைப்பைக் கைவிட்டால் அது என்னவாகும் என்று கேட்கும் அந்நூலைத் தமிழிலே 'பிரேத மனிதன்' என்று பெயர்த்தவர் புதுமைப்பித்தன். பெயரற்ற அந்தப் பூதமும் ஒரு யாருமல்லாதவனே. ஊசோனைக் கரடி எடுத்தது; இவனை எவரும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் வேற்றுமை.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943இல் வந்தது. எழுத்தாளர் ஒருவர் வீட்டிலே பிச்சைக்காரி ஒருத்தி வேலைக்கு அமர்கிறாள். இரவிலே பிணவாடை வீசுகிறது. பேய்தானா, மனமயக்கமா என்று ஆசிரியர் தீர்த்துச் சொல்லவே இல்லை. பகுத்தறிவும் பழைய பயமும் ஒரே உடம்பில் குடியிருப்பதை இதைவிடச் சுருக்கமாகத் தமிழில் எவரும் காட்டவில்லை என்பது என் கருத்து.

இந்த இடத்திலே எங்கள் தோட்டங்களை நினைக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைத் தொழிலாளர் 'ரோதை' என்பர்; போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ரோதைக்கு ஒரு முனி உண்டு. ரோதமுனி என்று பெயர். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வணங்குவதற்குக் கவ்வாத்துச்சாமி உண்டு. தமிழகத்துக் கிராமத்திலிருந்து முனியாண்டியையும் மாடசாமியையும் கூட்டிவந்த மக்கள், கையையும் காலையும் இழுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரத்தின் முன் நின்றபோது அதற்கெனப் புதிய தெய்வத்தையே படைத்தார்கள். நூறு ஆண்டுக்குள் தோன்றிய இயந்திரத்துக்கு முனி! ஐரோப்பாவிலே மேரி ஷெல்லி விஞ்ஞானத்தைக் கண்டு பூதத்தைக் கற்பனை செய்தார். எங்கள் பாட்டன் பாட்டிமார் இயந்திரத்தைக் கண்டு முனியைக் கற்பனை செய்தார்கள். பயத்துக்குக் காரணம் இரண்டிடத்தும் ஒன்றே. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியாக நடந்தபோது வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்களுக்கு முறையான ஈமக்கடனும் கிடைக்கவில்லை. பேய்க் கதை எழுத ஒரு சமூகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த வழியிலே இறந்தோர் சபை கூடி, தாயை இழந்த பிள்ளையொன்றை வளர்ப்பதாக ஒருவர் எழுதினால், அது மூடநம்பிக்கையாகுமா, வரலாறாகுமா?

யதார்த்தம் மட்டுமே மலையகத்துக்கு உரியது என்ற வாதத்தோடு நான் உடன்படாதது இதனால்தான். சம்பளக் கணக்கையும் லயத்தின் ஒழுக்கையும் யதார்த்தம் நன்றாகச் சொல்லும். ரோதமுனியைச் சொல்ல அதற்கு வாய் போதாது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று ஆசிரியர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. பன்னிரண்டு வயதுக்கு ஊசோன் பாலந்தையைச் சுருக்கி, வெண்கலத் தலையையும் மரக்குதிரையையும் விடாமற் சொல்லிக் கொடுங்கள் என்பேன். பதினான்கு வயதுக்கு இடுகாட்டு நூல் தகும். அதை நல்ல ஈழத்து நடையில் எவரேனும் தமிழாக்கினால் இன்னும் நலம். டுவைலைட்டைப் பிள்ளைகள் எவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் படித்தே தீருவார்கள். தடுக்க வேண்டாம், படித்த பின் அப்பெண்ணைப் பற்றி வகுப்பிலே வழக்காடச் செய்யுங்கள். காஞ்சனையை மட்டும் பதினாறு வயதுவரை பொறுத்து, பகல் வேளையிலே கொடுங்கள்.