இரத்த அழுத்தம் அளத்தல்: சோதனை முறைகளின் வரலாறு

இதயம் தள்ளும் இரத்தம் தமனிச் சுவரில் செலுத்தும் அழுத்தத்தை அளப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. தமனிக்குள் குழாய் செருகி நேரடியாக அளப்பது ஒரு வழி. தோலுக்கு வெளியே இருந்துகொண்டு கணிப்பது மற்றொரு வழி. இரண்டுக்கும் பொதுவான தொல்லை, அளக்கும் செயலே அழுத்தத்தை மாற்றிவிடுவது. இத்துறையின் கருவிகளில் பெரும்பாலானவை முந்தைய கருவி புகுத்திய பிழையைக் களைய வந்தவை.

குதிரையும் கண்ணாடிக் குழாயும்

இரத்தம் உடலைச் சுற்றி வருவதை வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். அது எவ்வளவு விசையோடு ஓடுகிறது என்பதை முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர். லண்டனை அடுத்த டெடிங்டனின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் (1677–1761). செடிகளில் சாறு ஏறும் விசையையும் அளந்தவர் இவர். வேலைக்கு உதவாதென்று கொல்லப்படவிருந்த ஒரு பெண்குதிரையை மல்லாத்திக் கட்டி, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். தமனியின் கட்டை அவிழ்த்ததும் இதயத்தின் இடக் கீழறை மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை இரத்தம் ஏறியது. அங்கே ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிறகு இரத்தத்தை அளவாக வெளியேற்றி, ஒவ்வொரு தடவையும் உயரத்தைக் குறித்துக்கொண்டே வந்தார், குதிரை சாகும்வரை. வேறொரு சோதனையில் பித்தளைக்கும் கண்ணாடிக்கும் இடையே வளைந்துகொடுக்கும் இணைப்பாக வாத்தின் மூச்சுக்குழலைப் பொருத்தினார். ரப்பர் குழாய் வராத காலம் அது. இவையெல்லாம் 1733-இல் ‘ஹீமஸ்டாட்டிக்ஸ்’ நூலாக வந்தன. அவருடைய நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கே இந்த விலங்குச் சோதனைகள் பிடிக்கவில்லை.

8 அடி 3 அங்குல இரத்தம் இன்றைய அலகில் 190 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு இது மிக அதிகம். கட்டுண்ட விலங்கின் அச்சமும் வலியும் அந்த உயரத்தில் அடக்கம். போதாக்குறைக்கு, குழாயை நிரப்பும் இரத்தமும் குதிரையின் உடலிலிருந்தே போயாக வேண்டும்.

பாதரசமும் புகைக்கரித் தாளும்

இந்த இரண்டாவது குறையைப் பாரிஸில் ழான் பொசேயி 1828-இல் போக்கினார். நீரைவிடப் பாதரசம் 13.6 மடங்கு கனமானது. ஆகவே ஆளுயரத்தைத் தாண்டிய குழாய்க்குப் பதிலாக மேசைமேல் வைக்கும் ‘U’ வடிவக் குழாய் போதும். அதற்குள் போகும் இரத்தமும் சொற்பம். உறைந்து அடைத்துக்கொள்ளாமலிருக்கத் தமனிக்கும் பாதரசத்துக்கும் நடுவே பொட்டாசியம் கார்பனேட் கரைசலை நிரப்பினார். மி.மீ. பாதரசம் என்ற அலகு இன்றும் பிபி சீட்டில் இருப்பது இவர் வழியாகத்தான்.

துடிதுடிக்கும் பாதரசத்தைக் கண்ணால் பார்த்துக் குறிப்பது கடினம். ஜெர்மனியின் மார்பர்கில் கார்ல் லுத்விக் 1846–47-இல் பாதரசத்தின்மீது ஒரு மிதவையை வைத்து, அதில் எழுதுமுனையைப் பொருத்தி, சுழலும் உருளையில் கோடு வரையவைத்தார். உடலியங்கியலில் பதிவுக் கருவி என்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிற்காலத்தில் உருளையில் வழவழப்பான தாளைச் சுற்றி, புகைச்சுடரில் காட்டிச் சீராகக் கரியேற்றினார்கள். மெல்லிய முனை பட்ட இடத்தில் கரி விலகி வெள்ளைக் கோடு விழும். விரல் பட்டால் பதிவு போச்சு. சோதனை முடிந்ததும் தாளை மெல்லக் கழற்றி மெழுகரக்குக் கரைசலில் முக்கிக் காயவைக்க வேண்டும். தவளையின் இதயத்தில் கொக்கி மாட்டி இந்த ‘ட்ரம்’மில் கோடு வாங்குவது இந்திய மருத்துவக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களுக்கு நெடுங்காலம் கட்டாயப் பயிற்சியாக இருந்தது.

லுத்விக்கின் கோட்டிலும் பொய் கலந்திருந்தது. கனமான பாதரசம் துடிப்பின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. சராசரியைச் சரியாகச் சொல்லும், உச்சத்தையும் தாழ்வையும் மழுங்கடித்துவிடும். கருவியின் சொந்த அதிர்வெண் பதிவை எப்படிச் சிதைக்கிறது என்று 1903-இல் கணக்கிட்டுக் காட்டியவர் ஓட்டோ ஃபிராங்க். அதன்பின்பே அழுத்த அலையின் உண்மையான வடிவம் கிடைத்தது.

இந்தக் கோடுகள் இந்தியாவிலும் ஒரு வழக்குக்குச் சாட்சியாயின. குளோரோஃபார்ம் மயக்கத்தில் நோயாளி இறப்பது மூச்சு நின்றா, இதயம் நின்றா? ஐதராபாத்தில் மருத்துவர் எட்வர்ட் லாரி மூச்சே காரணம் என்று வாதிட்டார். நிஜாம் 1,000 பவுண்டு வழங்க, ‘லான்செட்’ மருத்துவ இதழ் தன் சார்பில் மருத்துவர் லாடர் பிரன்டனை அனுப்பியது. 1889-இல் ஏராளமான விலங்குகளின் இரத்த அழுத்தத்தைப் பதிவுசெய்த குழு லாரி பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு தவறு. லேசான மயக்கத்திலேயே குளோரோஃபார்ம் இதயக் கீழறையை ஒழுங்கற்று நடுங்கவைத்து நிறுத்தக்கூடும் என்பதை 1911-இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார்.

தோலுக்கு வெளியே

மனிதரின் தமனியில் நேரடியாக அளக்கும் வாய்ப்பு 1856-இல் ஃபெய்வ்ர் என்ற பிரெஞ்சு மருத்துவருக்குக் கிடைத்தது. காலை வெட்டியெடுக்கும் அறுவையின்போது தொடைத் தமனியில் குழாயை இணைத்து 120 மி.மீ. என்று கண்டார். எல்லோருக்கும் இப்படிச் செய்ய முடியாது. நாடியை நிறுத்த எவ்வளவு வெளி அழுத்தம் தேவை என்று பார்க்கும் வழியைக் கார்ல் வீரார்ட், எத்தியன்-ழூல் மாரே, சாமுவேல் பாஷ் ஆகியோர் ஒவ்வொருவராகச் செப்பனிட்டார்கள்.

கை முழுவதையும் சுற்றி இறுக்கும் பட்டையை இத்தாலியின் ஷிபியோனே ரிவா-ரொச்சி 1896-இல் கொண்டுவந்தார். பட்டைக்குள் காற்றேற்றி, மணிக்கட்டில் நாடி மறையும் புள்ளியைப் பார்ப்பது அவர் முறை. பட்டையின் அகலம் சுமார் 5 செ.மீ.தான். குறுகிய பட்டை தமனியை நசுக்க அதிகக் காற்று கேட்கும். அதனால் அளவு கூடுதலாக வரும். 1901-இல் ஹைன்ரிஷ் ரெக்லிங்ஹவுசன் அகலப்பட்டையைப் புகுத்தினார். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி, இல்லாத நோயைக் கண்டுபிடிப்பது இன்றும் நடக்கிறது.

ரிவா-ரொச்சியின் முறையில் மேல் எண் மட்டுமே கிடைக்கும். கீழ் எண்ணைத் தந்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோத்கோவ். காயம்பட்ட இரத்தக் குழாய்களை ஆராய்ந்துவந்த அவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காற்றை இறக்கினால் முதலில் ஒலி தோன்றி, பிறகு மறைவதைக் கேட்டார். தோன்றும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண். 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அவர் அளித்த அறிக்கை ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை.

இதயத்துக்குள்

இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதற்கு அடால்ஃப் ஃபிக் 1870-இல் தந்த விடை வெறும் கணக்கு. உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜன் எடுக்கிறது, தமனி இரத்தத்தில் லிட்டருக்கு 200 மி.லி., திரும்பி வரும் சிரை இரத்தத்தில் 150 மி.லி. இருக்கிறது என்றால், 250-ஐ 50-ஆல் வகுத்து 5 லிட்டர். சிக்கல் என்னவென்றால், அந்தச் சிரை இரத்தத்தை இதயத்தின் வலப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். 1929-இல் எபர்ஸ்வால்டே மருத்துவமனையின் இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தன் முழங்கைச் சிரை வழியாகச் சிறுநீர்க்குழாய்க்கான வடிகுழாயை 65 செ.மீ. செலுத்திக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு நடந்தே போய்ப் படமெடுத்துக்கொண்டார். கண்டனம்தான் பரிசு. நியூயார்க்கில் ஆந்த்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் 1940-களில் அதே வழியில் ஃபிக்கின் கணக்கை நோயாளிகளில் போட்டுப் பார்த்தார்கள். மூவருக்கும் 1956-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நோயை உண்டாக்கிப் பார்த்தல்

உயர் அழுத்தம் ஏன் வருகிறது என்று அறிய, அதை விலங்கில் வரவழைக்க வேண்டியிருந்தது. கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் 1934-இல் நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் நெருக்கி, நீடித்த உயர் அழுத்தத்தை உண்டாக்கினார். நாயை ஒவ்வொரு தடவையும் மயக்கி அறுக்க முடியாது. எனவே கழுத்துத் தமனியின் ஒரு பகுதியைத் தோல் உறைக்குள் வளையமாக வெளியே கொண்டுவந்து ஆறவிட்டு, அதில் சிறு பட்டை கட்டி அளந்தார்கள். முயலின் சிறுநீரகச் சாறு அழுத்தத்தை ஏற்றுவதை 1898-இலேயே டீகர்ஸ்டெட்டும் பெரிமனும் ஸ்டாக்ஹோமில் கண்டு, அந்தப் பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டிருந்தார்கள். ஏறத்தாழ கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த ஆய்வுக்குக் கோல்ட்பிளாட்டின் நாய்கள் மறுவாழ்வு கொடுத்தன. அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைக் கண்டதும் அதைத் தடுக்கும் இன்றைய மாத்திரைகளும் இந்த வழியில் வந்தவை.

ஆய்வுக்கூடங்கள் பிறகு எலிக்கு மாறின. 1938-இல் வாலில் பட்டை கட்டி அளக்கும் முறை வந்தது. 1963-இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் மரபுவழியில் தானாகவே உயர் அழுத்தம் வரும் எலி வகையை வளர்த்தெடுத்தார்கள். வாலில் அளக்க எலியைச் சூடாக்கி, குறுகிய கூண்டில் அசையாமல் அடைக்க வேண்டும். அந்த அடைப்பே அழுத்தத்தை ஏற்றுகிறது. ஹேல்ஸின் குதிரைக்கு நேர்ந்ததுதான் இதற்கும். எலியின் உடலுக்குள் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி, அது கூண்டில் உலவும்போதே அளவை வாங்கத் தொடங்கியபின், இரவில் நடமாடும் இந்த விலங்குக்கு அழுத்தம் கூடுவதும் இரவில்தான் என்பது தெளிவாகப் பதிவானது.

மனிதருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. மருத்துவரைக் கண்டதும் ஏறும் பிபி வீட்டில் இறங்கிவிடும். 24 மணி நேரம் பட்டையை அணிந்து அளப்பது அதற்காகவே. மின்னணுக் கருவிகள் ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் அதிர்வு உச்சமடையும் இடத்தைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேல் கீழ் எண்களைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்கைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. 9,361 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ‘ஸ்பிரின்ட்’ ஆய்வு, மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவருவது 140-ஐ இலக்காகக் கொள்வதைவிட நல்லது என்று 2015-இல் அறிவித்தது. ஐந்து நிமிடம் உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால் எடுத்த அளவுகள் அவை. அப்போது அறையில் பணியாளர் இருந்தாரா என்பது மையத்துக்கு மையம் வேறுபட்டதால், அந்த 120 சாதாரண மருத்துவமனை அளவில் எந்த எண்ணுக்குச் சமம் என்ற விவாதம் மருத்துவ இதழ்களில் நீண்டது.