அடுக்குமாடியை 'ஒட்டுண்ணி' என்ற தீர்ப்பு



நாம் வசிப்பது போன்ற கட்டடங்களைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-ல் கடுமையான ஒரு வார்த்தை சொன்னது. தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்குமாடி, பல நேரங்களில் வெறும் ஒட்டுண்ணி என்றது.

ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய சிற்றூர் யூக்ளிட். எங்கே தனி வீடு, எங்கே அடுக்குமாடி, எங்கே தொழிற்சாலை என்று 1922-ல் அது விதி வகுத்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் நிறுவனம், நிலத்தின் விலை சரிந்துவிட்டது என்று வழக்குத் தொடுத்தது. 1924-ல் கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இவ்விதி கடைசியில் மக்களை வருமானப்படி பிரிக்கும் என்றார் நீதிபதி வெஸ்டன்ஹேவர். உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை மாற்றியது. போக்குவரத்து நெரிசல், தீ அபாயம், காற்று வெளிச்சம் ஆகியவற்றைக் காரணம் காட்டியது.

நிறத்தை வைத்துத் தெருக்களைப் பிரித்த லூயிவில் நகரச் சட்டத்தை இதே நீதிமன்றம் 1917-ல் ரத்து செய்திருந்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்க வழியில்லை. 'ஒரு மனைக்கு ஒரு வீடு' என்று சொல்லித் தடுக்க 1926-க்குப் பின் வழி கிடைத்தது.

கணக்கு எளிது. ஒரு மனையில் ஒரே வீடு என்றால் மனையின் முழு விலையும் ஒரு குடும்பத்தின் தலையில். எட்டு வீடு என்றால் எட்டில் ஒரு பங்கு. நம் பத்திரத்தில் உள்ள 'பிரிக்கப்படாத பாகம்' இதுதான். வங்கியில் நான் பார்த்த வீட்டுக்கடன் விண்ணப்பங்களில், தனி மனை கட்டுப்படியாகாததால் அடுக்குமாடிக்கு வந்தவர்களே அதிகம்.

ஒரே மனையில் மூன்று வீடு வரை அனுமதிக்கும் திட்டத்தை மினியாபோலிஸ் நகர மன்றம் 2018-ல் ஏற்றது. எதிர்ப்பாளர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி நீதிமன்றம் போனார்கள்.

தமிழ்நாட்டில் 2019-ல் எஃப்.எஸ்.ஐ. 1.5-லிருந்து 2 ஆனது. அதாவது, மனையின் பரப்பைப் போல் இரு மடங்கு கட்டலாம். பழைய தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் வருகின்றன. ஆட்சேபனை மனு கொடுப்போம் என்ற பேச்சும் கூடவே வருகிறது.

குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், வண்டி நிறுத்தம், பக்க இடைவெளி பற்றிக் கேட்பது நம் உரிமை. கேட்டே ஆகவேண்டும். ஆனால் 'இன்னும் ஆட்கள் வருகிறார்களே' என்பது மட்டும் காரணமானால், கையெழுத்திடுமுன் யோசியுங்கள். நம் கட்டடம் எழும்போதும் அக்கம்பக்கத்தில் தனி வீடுகள்தான் இருந்தன.