சோழநாட்டுக் கூத்தும் காணியும்

காவிரி பாயும் சோழநாடு இசைக்கும் கூத்துக்கும் தாயகம் என்பது பலரும் பல்கால் கூறிவரும் உண்மையாகும். அதற்குக் காரணம் யாதென வினவின், அரசர் ஆதரவு என்னும் ஒரு விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. சோழர் புரந்தனர், நாயக்கர் வளர்த்தனர், மராட்டியர் போற்றினர் என வரிசைப்படுத்தி அமைவது இலக்கிய வரலாற்று நூல்களின் வழக்கமாகிவிட்டது. இவ்விடை பொய்யன்று, ஆயினும் நிறைவுடையதன்று. புரவலர் மரபுகள் மாறின. அவர்தம் அரண்மனை மொழியும் மாறியது. அங்ஙனமாகவும் கூத்தும் இசையும் ஒரே ஆற்றுப் படுகையில் அறாது நின்றமைக்கு வேறொரு பற்றுக்கோடு இருந்திருத்தல் வேண்டும். அது நிலம் என்பதும், அந்நிலம் கலையைக் காத்த அதே வழியால் கலைஞரைப் பிணித்தும் வைத்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்கு முதற்சான்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு. இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டளவில், அஃதாவது கி.பி. 1014 அளவில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை அக்கோயிலுக்கெனக் குடியேற்றினான். அவர் பெயர்களைக் கல்வெட்டு ஒன்றும் விடாமல் தருகின்றது. எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எவ்வூர்க் கோயிலினின்றும் கொணரப்பெற்றாள் என்பன வெல்லாம் வீட்டுக்கு வீடு பொறிக்கப்பட்டுள்ளன. ஆரூர், பழையாறு, நாகப்பட்டினம், திருமறைக்காடு முதலிய ஊர்களின் பெயர்கள் அவ்வரிசையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பேரரசன் ஒருவன் தன் வெற்றிகளைப் பொறித்த சுவரிலேயே நானூறு மகளிரின் வீட்டெண்களையும் பொறித்து வைத்தான் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

வியப்போடு நின்றுவிடாது கணக்கையும் நோக்குதல் வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு வகுக்கப்பட்டது. பங்கு ஒன்றாவது ஒரு வேலி நிலத்தினின்றும் ஆண்டொன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பெறும் நூறு கலம் நெல். எனவே ஆடல் மகளிர்க்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம் நெல் ஒதுக்கப்பட்டதாயிற்று. ஒரு வேலி இக்கால வழக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கராகும். சோழர்கால நிலவளவு இதனின் வேறுபடினும், நானூறு வேலி என்பது சிறு நிலப்பரப்பன்று. நட்டுவஞ் செய்வார்க்கு ஆளொன்றுக்கு இரண்டு பங்கு. வேறு சில தொழிலாளர்க்கு அரைப்பங்கு. ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார், உவச்சர், கணக்கர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என நீளும் இப்பட்டியலைக் காணுங்கால், கூத்து என்பது ஆடுவாள் ஒருத்தியின் திறமையன்று, ஒரு முழுக் குடியிருப்பின் தொழில் என்பது புலனாகும்.

திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நியமிக்கப்பெற்ற பிடாரர் நாற்பத்தெண்மர். அவர்க்குத் துணையாக உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் சேர ஐம்பதின்மர். இவர்க்கு நாடோறும் ஆளுக்கு முக்குறுணி நெல். குறுணி பன்னிரண்டு கொண்டது ஒரு கலம் ஆதலின், ஆண்டை 360 நாளாகக் கொள்ளின் இது தொண்ணூறு கலம் ஆகும். ஆடுவாள் நூறு கலமும், பாடுவான் தொண்ணூறு கலமும், ஆட்டுவிப்பான் இருநூறு கலமும் பெற்ற ஒரு சமூகத்தை நாம் இங்குக் காண்கின்றோம். ஆடுவாளினும் ஆட்டுவிப்பானுக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது, பிற்காலத்தே நட்டுவனார் மரபு பெற்ற மேலாண்மைக்கு மிகப் பழைய சான்றாகலாம்.

இக்கல்வெட்டில் யான் தலையாயதாகக் கருதுவது அதில் அமைந்த ஒரு விதியேயாகும். பங்கு பெற்றவர் இறப்பினும் புலம்பெயரினும், அவர்க்கு அடுத்த முறை உடையார் அக்காணியைப் பெற்று அப்பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியிலராயின் தகுதியுடையாரைக் கொண்டு பணி செய்வித்துத் தாம் நெல்லைப் பெறுதல் வேண்டும். அத்தகையாரும் இல்லாதவிடத்து அத்தொழிலைச் செய்வாரே உரியவரைத் தேர்ந்து கொள்ளுதல் வேண்டும். கலை வழிவழி நிலைபெறுதற்கு இதனினும் திட்பமான ஏற்பாட்டை எண்ணுதல் அரிது. உரிமை குடிக்கு, தகுதி தொழிலுக்கு என இரண்டையும் ஒருங்கே காத்த நுட்பம் இஃது. எனினும் இதன் மறுபக்கமும் உண்டு. பணி இல்லையேல் பங்கு இல்லை. பங்கு வேண்டின் குடியில் ஒருவரேனும் அப்பணிக்கு நின்றே தீர வேண்டும். மகள் பிறக்கும் முன்னரே அவள் தொழில் கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

கூத்தர்க்கும் இம்முறையே அமைந்தது. இரண்டாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1057இல், இராசராசேசுவர நாடகம் ஆடுதற்கெனத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் காணியாக வழங்கப்பட்டது. நாடகமோ வைகாசித் திருவிழாவிற்கு உரியது; ஊதியமோ நாளொன்றுக்குத் தூணி என்னும் அளவில் ஆண்டு முழுமைக்கும் கணக்கிடப்பட்டது. ஆடும் நாளுக்குக் கூலி தருதல் வேறு, ஆண்டெல்லாம் கூத்தனைக் கூத்தனாகவே வாழச் செய்தல் வேறு. இந்நாடகத்தின் ஒரு வரியும் நமக்குக் கிடைத்திலது. கூத்தன் பெற்ற நெல்லின் அளவு மட்டும் கிடைத்துள்ளது. நாடக நூல் இழந்தமைக்கு வருந்தும் நாம், அந்நெற்கணக்கையும் நாடக வரலாற்றின் ஒரு பகுதியாகக் கற்றிருத்தல் வேண்டும்.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள காமரசவல்லியில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் மார்கழி, வைகாசித் திருவாதிரைகளில் சாக்கைக்கூத்து ஆடுதற்குச் சாக்கைக்காணி என்ற பெயராலேயே நிலம் விடப்பட்டது. சேரன் செங்குட்டுவன்முன் சாக்கையன் ஒருவன் கொட்டிச்சேதம் ஆடியதைச் சிலப்பதிகாரம் கூறும். காப்பியச் சாக்கையன் அரசன்முன் ஆடினான். காமரசவல்லிச் சாக்கையனுக்கோ ஊரில் நிலம் இருந்தது. மாதவியின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. புகாரில் அவள் தலைக்கோல் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் அவள் மாலைக்கு விலையாயிற்று. வணிக நகரத்துக் கலை பொன்னால் மதிக்கப்பட்டது. மருத நிலத்துக் கோயிற்கலை நெல்லால் அளக்கப்பட்டது. பொன் பெற்றவள் எங்கும் செல்லலாம்; வயலைப் பெற்றவள் அங்ஙனம் செல்லுதல் இயலாது.

நாயக்கர் காலத்தும் (1532–1673) மராட்டியர் காலத்தும் (1676–1855) அரண்மனை அவைகள் ஓங்கின. யட்சகானங்கள் தெலுங்கில் எழுந்தன. இசையிலக்கண நூல்கள் வடமொழியில் தோன்றின. தமிழ் பின்தள்ளப்பட்டது என்று வருந்துவோர் உளர், அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் மொழி மாறியும் நிலமுறை மாறிற்றில்லை என்பதை மெலட்டூர் காட்டும். தெலுங்கு நாட்டினின்றும் வந்த அந்தணர்க்கு அச்சுதப்ப நாயக்கர் வழங்கியது அவ்வூர் என்பது வழிவழி வரும் செய்தி. அங்கே வேங்கடராம சாத்திரியார் இயற்றிய நாடகங்களை ஆடவரே பெண்வேடமும் பூண்டு நரசிம்ம செயந்தியையொட்டி நடித்து வருகின்றனர். மொழி தெலுங்கு, மேடை தஞ்சை மண்.

அரண்மனையிலோ வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. மோடி எழுத்தில் அமைந்த மராட்டியர் கணக்குகள் கலைஞர்க்குக் கொடுத்த சம்பளத்தையும் சன்மானத்தையும் காசுக்கணக்கில் காட்டுகின்றன. காசு வழங்கும் கை தளரின் கலைஞன் வேறு கையை நாடுவான். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி ஆட்சியுரிமையை ஆங்கிலேயர்க்கு விட்டு ஓய்வூதியம் பெறுபவரானார். அவர் காலத்தே விளங்கிய தஞ்சை நால்வருள் பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சையில் தங்க, சின்னையா மைசூர் அவையையும், வடிவேலு சுவாதித் திருநாள் விளங்கிய திருவனந்தபுரத்தையும் சார்ந்தனர். 1855இல் சிவாசி மன்னர் ஆண் வழியின்றி மறைய, அரண்மனை ஆதரவு அடியோடு சுருங்கிற்று. ஆனால் சரபோசியையே தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சி, பெரிய கோயில் விழாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் ஆடப்பெற்று வந்தது. பாட்டுடைத் தலைவன் மறைந்தான். அவன் அரசு மறைந்தது. அவன்மேற் பாடிய கூத்து மறையவில்லை. கோயிலோடும் கோயிற்பணியோடும் பிணைந்திருந்தமையே அதற்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இப்பிணைப்பு அறுந்தது போரால் அன்று, சட்டத்தால். ஆங்கிலேயர் இனாம் நிலங்களை ஆராய்ந்து பட்டா வழங்கிய காலத்தும், கோயிற்பணிக்குரிய தேவதாசியர் இனாம்கள் பணிக்கட்டுப்பாட்டோடே தொடர்ந்தன. சென்னைச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் இந்துசமய அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் நிறைவேறிற்று. பணி செய்யாமலே அந்நிலத்தை அம்மகளிர் தம் உடைமையாகக் கொள்ளலாம் என்பதே அதன் பயன். பொட்டுக்கட்டுதலைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையே பலரும் நினைவு கூர்வர். ஆயின் இவ்வாராய்ச்சிக்கு 1929ஆம் ஆண்டே பெரிது. 'பணி இல்லையேல் பங்கு இல்லை' என இராசராசன் கல்லில் வகுத்த நெறி 915 ஆண்டுகளுக்குப்பின் ஒரு சட்டப்பிரிவால் நீங்கிற்று.

இந்நெறி நீங்கியதற்கு இரங்குவோர், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தை ஒருமுறை கற்றல் நன்று. காவிரிக்கரை ஊரொன்றின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர், அம்மரபினுள்ளிருந்தே எழுந்து அதனை எதிர்த்தவர் அவர். வெளியே நின்று கலையழகை மட்டும் கண்டோர் கண்ட காட்சியும், உள்ளே நின்று அவர் கண்டதும் ஒன்றல்ல. காணிமுறையின் கொடுமையை அறியாது அதன் பயனை மட்டும் பாராட்டுவது வரலாறாகாது. அவ்வாறே, கொடுமையைச் சொல்லி அக்குடியினர் காத்த கலையறிவைப் புறக்கணிப்பதும் வரலாறாகாது. அம்மகளிரின் பெயர் கலை வரலாற்றினின்றும் நழுவ, அவர் கலை மட்டும் புதுப்பெயரோடு மேடையேறியது இப்பின்னதன் விளைவேயாகும்.

1928இல் நிறுவப்பெற்ற சென்னை மியூசிக் அகாதெமியில் 1931இல் தஞ்சை மரபினராகிய கலியாணி மகளிர் இருவர் ஆடினர். தஞ்சை நால்வர் வழிவந்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), பிற குடியினர்க்கும் கற்பித்தார். அவரிடம் பயின்ற உருக்மிணிதேவி 1935இல் மேடையேறினார். அதே நால்வர் குடியைச் சார்ந்த கந்தப்ப பிள்ளையிடம் பயின்ற பாலசரசுவதி (1918–1984), தாய்வழி மரபை விடாது உலக அரங்குகளில் நிறுத்தினார். கலை அழியவில்லை, சேரியை விட்டு அவைக்குப் பெயர்ந்தது. நெல்லுக்கு மாறாக நுழைவுச்சீட்டு வந்தது. அடுத்த முறை உடையார்க்கு மாறாக விரும்பிக் கற்பார் வந்தனர்.

பெரிய கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்கோயில் வளாகத்தில் ஆடல் கலைஞர் ஆயிரவர் ஒருங்கே ஆடினர். நானூற்றுவர் ஆடிய இடத்தில் ஆயிரவர் ஆடியது கண்கொள்ளாக் காட்சியே. அவ்வாயிரவரும் தாமே விரும்பிக் கற்றவர். பல ஊர்களினின்றும் வந்து, விழா முடிந்ததும் தத்தம் ஊர் திரும்பினர். நானூற்றுவரின் பெயரும் வீட்டெண்ணும் ஆண்டுக்கு நூறு கலமும் அவர்கள் ஆடிய அதே வளாகத்துச் சுவரில் இன்றும் படிக்கக் கிடக்கின்றன.