ஆடாதோடை இலையும் அதை ஊறவைத்த திரவங்களும்



சானடோரியம் என்பது மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு ஸ்டேஷன் பெயர். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கி, 1937-ல் அரசு எடுத்துக்கொண்ட காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அதே சானடோரியத்தில்தான் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. இருமல், சளி என்றால் சித்த மருத்துவத்தில் சட்டென்று நினைவுக்கு வருவது ஆடாதோடை.

இந்த இலையின் வேதியியல் வரலாறு நம் சென்னை மாகாணத்தில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. ஊட்டியில் அரசின் குயினைன் வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888-ல் இதிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார். பிற்பாடு அதை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியில் செய்த புரோம்ஹெக்சின் 1963-ல் விற்பனைக்கு வந்தது. வீட்டில் இருக்கும் சளி சிரப்பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அதுவோ, அதன் வழிவந்த அம்ப்ராக்சாலோ இருக்கலாம்.

இலையில் இருப்பதை வெளியே எடுக்க ஒரு கரைப்பான் வேண்டும். பாட்டி தண்ணீரில் போட்டு எட்டில் ஒன்றாகச் சுண்டவைத்தாள். கல்லூரி ஆய்வகங்களில் மெத்தனால், குளோரோஃபார்ம், ஹெக்சேன் வந்தன. வேகமாகக் கரைக்கும், எளிதில் ஆவியாகும், மருந்து தனியே நிற்கும். ஆனால் ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும், குளோரோஃபார்ம் கல்லீரலைத் தாக்கும். மெத்தனாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேரைக் கொன்றது அதுதான். அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த ஆய்வக உதவியாளர்களை எந்தப் பாடப்புத்தகமும் எழுதியதில்லை.

1998-ல் அனாஸ்டஸ், வார்னர் என்ற இருவர் பசுமை வேதியியலுக்கு 12 விதிகள் வகுத்தார்கள். பாதுகாப்பான கரைப்பான் என்பது ஐந்தாவது விதி. 2003-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஆண்ட்ரூ அபாட் குழுவினர், கோழித்தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடையும் யூரியாவையும் கலந்தார்கள். இரண்டுமே திடப்பொருள், சேர்ந்தால் திரவம்! 2011-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைச் சொன்னார்கள்: செடிக்குள் இருக்கும் சர்க்கரை, சிட்ரிக் அமிலம் போன்றவையும் இப்படிச் சேர்ந்து திரவமாகும், தண்ணீரில் கரையாத பலவற்றைக் கரைக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு ஆடாதோடை மணப்பாகு நினைவுக்கு வந்தது. இலைச்சாற்றோடு சர்க்கரையோ தேனோ சேர்த்துப் பாகாகக் காய்ச்சுவது. உடனே "நம் சித்தர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். கெடாமல் இருக்கவும், கசப்பு தெரியாமல் இருக்கவும் பாகு சேர்த்திருப்பார்கள். அது தண்ணீரைவிட அதிக வாசிசினை இழுக்கிறதா என்பது அளந்து பார்க்க வேண்டிய கேள்வி. பெருமையால் விடை கிடைக்காது. அளக்க வேண்டிய இடம் நம் ரயில் பாதையோரமே இருக்கிறது.

ஒரு சிக்கலும் உண்டு. இந்தப் புதுத் திரவங்கள் பாகு மாதிரி கெட்டியானவை. மெத்தனாலை ஆவியாக்கி விரட்டுவதுபோல இவற்றை விரட்ட முடியாது. உள்ளே போன மருந்தைத் தனியே எடுப்பதுதான் பெரும்பாடு. மணப்பாகில் அந்தத் தொல்லை இல்லை, அதை அப்படியே குடித்துவிடுகிறோம்.