உதிரிகளால் உயிர்வாழும் வண்டி

கேமரன் மலைக்குச் சென்று வந்தோர் அங்குள்ள பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. முட்டைக்கோசுக் கூடைகளைச் சுமந்துகொண்டு, செம்மண் சரிவில் முனகியபடி ஏறும் வண்டிகள் அவை. கதவு ஒரு நிறத்திலும் முன்மூடி வேறொரு நிறத்திலும் இருக்கும். காயலான் கடைச் சரக்கு என்று சிரித்துவிட்டுப் போவோரும் உண்டு. எனினும் அவ்வண்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த காலம். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த மோரிஸ் வில்க்சுக்கு வேல்சின் ஆங்கிள்சி தீவில் நிலம் இருந்தது. அங்கே வேலைக்கு உதவியது, போரில் எஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப். அது தேய்ந்துபோனால் வேறு எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே லேண்ட் ரோவர் பிறந்தது. 1947இல் உருவான முதல் மாதிரி வண்டி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீது ரோவர் மகிழுந்தின் இயந்திரத்தைப் பொருத்திச் செய்யப்பட்டதாகும். டிராக்டரில் உள்ளதைப் போல ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. முதல் லேண்ட் ரோவரே இன்னொரு வண்டியின் உதிரிகளால் ஆனது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அம்மாதிரி வண்டி இன்று இல்லை.

போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் பங்கீடு இருந்தது. ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தனர். விலையுயர்ந்த அச்சுவார்ப்புகள் வேண்டாமென்று தகடுகளைப் பெரும்பாலும் தட்டையாகவே விட்டனர். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தப் போராட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் இவ்வண்டிகளைப் பயன்படுத்தினர். பின்னர் படைகளும் அரசுத் துறைகளும் கழித்துவிட்ட வண்டிகள் கைமாறி மலையேறின. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு 1931லேயே சாலை வந்துவிட்டது. ஆனால் சாலையை விட்டு விலகிக் காய்கறிப் பாத்திகளுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் செல்லும் மண்பாதையில் மகிழுந்து ஏறாது. நம்மவர் கொழுந்து பறித்த அதே சரிவுகளில் இந்த வண்டிகளும் தேய்ந்தன.

இவை இவ்வளவு காலம் ஓடுவதற்குக் காரணம் அவற்றின் கட்டமைப்பே. உடற்பகுதியின் பெரும்பாகம் திருகாணிகளால் இணைக்கப்பட்டது; ஒரு வண்டியின் கதவைக் கழற்றி மற்றொன்றில் மாட்டலாம். 1958இல் இரண்டாம் வரிசையும், 1971இல் மூன்றாம் வரிசையும் வந்தன. இரண்டாம் வரிசை கியர்பாக்சில் கீழ்க் கியர்களுக்கு மாற்றும்போது பற்கள் உரசி அலறும். மூன்றாம் வரிசையில் அக்குறை நீங்கியது. எனவே பழைய வண்டியில் புதியதன் கியர்பாக்சை ஏற்றுவது பட்டறைக்காரர்களுக்கு வழக்கமான வேலை.

ஜப்பானிய டீசல் இயந்திரத்தைப் பொருத்துவது அத்தனை எளிதன்று. இயந்திரத்துக்கும் கியர்பாக்சுக்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு கடைந்தெடுக்க வேண்டும். தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். இழுவிசை கூடிவிட்டால் பின் அச்சினுள் இருக்கும் தண்டு முறியும். நல்லவேளையாக, இத்தண்டு வண்டியின் பாரத்தைச் சுமப்பதில்லை. சக்கரத்தைக் கழற்றாமலேயே, அதன் மையத்திலுள்ள திருகாணிகளை அவிழ்த்துத் தண்டை உருவிவிடலாம். பிறகு முன் சக்கரங்களின் இழுப்பில் வீடு வந்து சேரலாம். இப்படியொரு வசதி இக்கால வண்டிகளில் ஏது?

அலுமினியம் துருப்பிடிக்காது என்று மகிழ்வதற்கும் இடமில்லை. அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். அடிச்சட்டமோ எஃகாலான பெட்டி வடிவம். சேறும் நீரும் உள்ளே தங்கி, உட்புறத்திலிருந்தே தின்னும். வெளியே சுத்தியலால் தட்டும்போதுதான் ஓட்டை தெரியும். மலைக்காற்றின் ஈரத்தில் இது விரைவாக நிகழும். ஒட்டுமேல் ஒட்டாகத் தகடு வைத்துப் பற்றவைத்தே பல வண்டிகள் நிற்கின்றன. வண்டியின் அடையாள எண் பொறிக்கப்பட்ட இடமும் அதே அடிச்சட்டந்தான். அதையே மாற்றிவிட்டால் மிஞ்சுவது எந்த வண்டி என்ற கேள்வி வழக்காடத் தக்கது.

அண்மைக் காலத்தில் பழைய வண்டிகளை வாங்கி, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே ஆக்குவதில் பலர் ஆர்வம் காட்டுகின்றனர். ஒட்டுகளை வெட்டி எறிந்து, ஜப்பானிய இயந்திரத்தை இறக்கி, பளபளக்கும் பச்சை வண்ணம் பூசுகின்றனர். பாராட்டத்தக்க உழைப்புதான். ஆயினும் அவ்வாறு செய்யும்போது ஆலையில் கழிந்த சில நாள்கள் மீட்கப்பட்டு, மலையில் கழிந்த நாற்பது ஐம்பது ஆண்டுகள் துடைக்கப்படுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. யாரோ ஒரு பட்டறைக்காரர் தம் கையால் கடைந்த தகடும் வரலாற்றுச் சான்றுதானே?

உற்பத்தி நிறுவனமே ஒருமுறை இவ்வாறு எண்ணியது போலும். ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்று, 1960களுக்குப் பின் வேல்சில் ஒரு வயலில் இருபது ஆண்டுகள் கிடந்தது. பின்னர் ஒருவர் புதுப்பிக்க வாங்கி, வேலை முடியாமலேயே தோட்டத்தில் விட்டுவிட்டார். அது கண்டெடுக்கப்பட்டதும், 2018இல் அதனைச் சீரமைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பழைய வண்ணத்தையும் தேய்மானத் தடங்களையும் அழிக்காமல் காப்பதும் அத்திட்டத்தில் அடங்கும்.

அவ்வரிசையில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் ஆலையை விட்டு வெளியேறியது. மலையில் கொட்டகைக்குப் பின்னால், கோரைப்புல் முளைத்த இடத்தில், ஓட முடியாத வண்டியொன்று நிற்கக் காணலாம். அதன் கதவும் விளக்கும் சக்கரங்களும் முன்பே போயிருக்கும். எஞ்சியவற்றை யாரும் விற்கமாட்டார்கள். அடுத்து முறியப்போகும் அச்சுத்தண்டுக்கு மாற்று அதனுள்ளேதான் இருக்கிறது.