கொரியப் போரும் இலங்கையின் அரிசியும்

ஒரு நாடு சுதந்திரம் பெற்ற அன்றே உலகம் அதனைச் சுதந்திர நாடென்று மதித்துவிடுவதில்லை. கொடியேற்றுவது ஒரு நாள் வேலை; மதிப்புப் பெறுவதோ பல்லாண்டு வேலை. இதற்கு இலங்கைச் சரித்திரமே சான்று.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் சேர விண்ணப்பித்தபோது, சோவியத் ரஷ்யா தன் தடை வாக்கினால் அதனைத் தடுத்தது. பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்து, திருகோணமலையில் அதன் கடற்படைக்கு இடமளித்திருந்த நாடு மெய்யாகவே சுதந்திர நாடுதானா என்ற ஐயம் அன்று எழுப்பப்பட்டது.

1950 ஜூன் 25இல் கொரியாவில் யுத்தம் மூண்டது. இலங்கைப் படை எதுவும் அங்கே செல்லவில்லை. ஆயினும் அந்த யுத்தம் நம் நாட்டு அடுப்படிவரை வந்து சேர்ந்தது. போர் வண்டிகளின் சக்கரங்களுக்கு இறப்பர் வேண்டுமல்லவா? இறப்பரின் விலை ஒரேயடியாக ஏறிற்று. நாட்டின் வருமானமும் ஏறிற்று. பின்னர் அமெரிக்கா தேவையான இருப்பைச் சேர்த்துக்கொண்டதும் விலை சரிந்தது. மறுபுறம், உலகச் சந்தையில் அரிசி அரிதாகி விலை உயர்ந்தது. விற்கும் பொருளுக்கு விலையில்லை. உண்ணும் பொருளோ கிடைப்பதற்கில்லை. 1952இல் நாட்டின் நிலை இதுவே.

சீனாவிடம் அரிசி இருந்தது. அதற்கு இறப்பர் தேவைப்பட்டது. ஆனால் யுத்தத்தில் இறங்கிய சீனாவுக்குப் போர்ப் பயனுடைய பொருள்களை அனுப்பலாகாதென்று ஐ. நா. சபை 1951 மே 18இல் தீர்மானித்திருந்தது. இலங்கையோ அச்சபையில் அங்கத்துவம் பெறாத நாடு. 1948இல் மூடப்பட்ட கதவே 1952இல் அதன் கையைக் கட்டாமல் விட்டது! பிரதம மந்திரி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பொதுவுடைமையை விரும்பிய அரசாங்கமன்று. எனினும் வர்த்தக மந்திரி ஆர். ஜீ. சேனநாயக்கா பீகிங் சென்றார். 1952 டிசம்பர் 18இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, சீனா 2,70,000 தொன் அரிசி கொடுப்பது, இவ்வாறு ஐந்தாண்டுகள் நடத்துவது என்பதே ஏற்பாடு.

இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. அமெரிக்கப் பொருளுதவி சில ஆண்டுகள் தடைப்பட்டது. ஆனாலும் நாடு பணியவில்லை. ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982வரை நிலைத்தது. 1954இல் ஆசியப் பிரதம மந்திரிகள் ஐவர் கொழும்பிற் கூடினர். 1955இல் இலங்கை பாண்டுங் மாநாட்டை அழைத்த நாடுகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14இல் ஐ. நா. சபையிலும் இடம் பெற்றது. இவையனைத்தும் ஓர் ஒப்பந்தத்தினால் விளைந்தன என்பது மிகை. ஆயினும் தன் நன்மையைத் தானே தீர்மானிக்கவல்ல நாடு இது என்பதை உலகம் கண்டுகொண்டது.

வெளியிற் பெற்ற மதிப்பு மட்டும் வயிற்றை நிரப்பிவிடாது. 1953இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12இல் மாபெரும் ஹர்த்தால் வெடித்தது. டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

இங்கே மலைநாட்டார் கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு. கப்பலேறிய அந்த இறப்பரின் பாலை வெட்டியவர் யார்? சிங்களக் கிராமத்துச் சிறுதோட்டக்காரரும் நம்மவராகிய தோட்டத் தொழிலாளருமே. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. மஸ்கெலியா அவற்றுள் ஒன்று. 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் நம்மவரிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். 1952இல் தேர்தலும் நடந்தது, ஒப்பந்தமும் நடந்தது, அவர்களுக்கோ வாக்கில்லை. 1964இல் நாடு மீண்டும் ஒரு வெளிநாட்டோடு கணக்குப் பேசியது. அப்போது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டவர்கள் இந்த மக்களே. குடியுரிமைக் குறையை முற்றாக நீக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இளைஞர்களே! வல்லரசு முகஞ்சுளித்தபோதும் தன் மக்களின் சோற்றுக்காக நிமிர்ந்து நின்ற இலங்கையைப் பாராட்டுவோம். அது நமது நாடு. அதே வேளையில், ஒரு நாட்டின் மதிப்பை அளக்கப் பீகிங்கிலும் நியூயோர்க்கிலும் மட்டும் அளவுகோல் வைத்தாற் போதாது. அந்நாட்டுக்காக உழைக்கும் கை, வாக்குச் சீட்டையும் பிடிக்கிறதா என்று பார்ப்பதே நிறைவான அளவாகும்.